கிராவன்பாக் கிளப்பின் சாதனைப் பலகை

ஜெர்மனியில் கிராவன்பாக் என்று ஓர் ஊர். அங்கே ராஜா கிடையாது. ஆனால் ஊர்க் கால்பந்து கிளப்புக்கு எக்கார்ட் என்று ஒரு தலைவர் இருந்தார், அதனால் ராஜா இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தொழிற்சாலையின் முதலாளி. கழுத்தில் கிளப்பின் பச்சைத் துண்டு, வாயில் சுருட்டு, சுற்றிலும் ஆமாம் போட நாலு பேர். வேறென்ன வேண்டும்?

கிளப்புக்கு நூறு வயது நிறையப் போகிறது. மைதான வாசலில் பித்தளைப் பலகை வைத்து அதில் கிளப்பின் சாதனையைப் பொறிக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வரலாம், தப்பில்லை. சாதனை வேண்டுமே! புள்ளிவிவரத்தைப் புரட்டினால் கிடைத்தது இவ்வளவுதான். லீக்கிலேயே மிக வேகமான சேம்சைடு கோல் இவர்களுடையது. எதிரணி பந்தைத் தொடுவதற்கு முன்பே போட்டது. ஒரே சீசனில் அதிகப் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பிய சாதனையும் இவர்களுடையதுதான். அதில் ஒருவர் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே ஊர் போய்ச் சேர்ந்தார்.

உதவித் தலைவர் டீட்மார் மூளையைக் கசக்கி ஒரு சாதனை கண்டுபிடித்தார். மழை பெய்யும் வியாழக்கிழமைகளில் கிராவன்பாக் தோற்றதே இல்லையாம். எத்தனை வியாழன் ஆடினோம் என்று தலைவர் கேட்டார். ஆடியதே இல்லை என்றார் டீட்மார். தலைவர் சுருட்டை நசுக்கினார்.

பிறகு மைக் பிடிக்கிற வெண்டலினைக் கூப்பிட்டார். மைதானத்தில் கோல் கணக்கை அறிவிக்கிறவர் அவர். ஐந்து கோல் வாங்கிய நாளில்கூட ஜனங்களைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிற வாய். அந்த மைக்கின் மேல் டீட்மாருக்கு வெகுநாளாக ஒரு கண். அவருடைய மருமகன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பலகையில நாம தோத்த கதை வரக்கூடாது," என்றார் தலைவர். "பொய்யும் வரக்கூடாது. லீக்கிலிருந்து அதிகாரி வந்து ஒவ்வொரு எழுத்தா சரிபார்ப்பாங்க. சொந்த மைதானத்துல நம்மள யாரும் அசைக்க முடியாதுன்னு ஊர் நினைக்கணும். முடியுமா உன்னால?"

"முடியலேன்னா மைக்கை வச்சிட்டுப் போகட்டும்," என்று டீட்மார் இடையில் புகுந்தார். தலைவரும் தலையாட்டிவிட்டார். மைக் போனால் வெண்டலினுக்கு வேறு தொழில் தெரியாது, வேறு சந்தோஷமும் கிடையாது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், பலகையை நானே எழுதுகிறேன், விழா நாள் ஆட்டம் முடியும்வரை அதை மூடிய துணியை யாரும் விலக்கக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

விழா நாள் வந்தது. மைதானம் நிறைந்தது. லீக் அதிகாரி பிரிகிட்டே அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கிராவன்பாக் வீரர்கள் நூற்றாண்டுப் பாரம்பரியத்தைக் கட்டிக் காத்தார்கள். ஒன்றுக்கு ஐந்து என்று தோற்றார்கள். தலைவரின் முகம் அவர் தொழிற்சாலைச் சரக்கைப்போலப் புளித்துப் போயிருந்தது. டீட்மார் மருமகனுக்குப் புதுச் சட்டையே போட்டுக் கூட்டி வந்திருந்தார்.

வெண்டலின் மைக்கை எடுத்தார்.

"கிராவன்பாக்?"

"ஒண்ணு!" என்று கூட்டம் முழங்கியது.

"விருந்தாளிகள்?"

"சைபர்!"

"நன்றி!"

"இருக்கட்டும்!"

அந்த நாட்டு மைதானங்களில் இது பழைய வழக்கம். வந்த அணி எத்தனை கோல் போட்டாலும் சரி, உள்ளூர் ஜனங்கள் அதற்குச் சைபர்தான் கொடுப்பார்கள். கண்ணெதிரே ஐந்து விழுந்திருக்கும், தொண்டை கிழியச் சைபர் என்பார்கள். எனக்கு அந்த ஜனங்களை ரொம்பப் பிடிக்கும்.

சத்தம் அடங்கியதும் வெண்டலின் துணியை விலக்கினார். பலகையில் இருந்தது இதுதான்: "இந்த மைதானத்தில், எங்கள் ரசிகர்களின் கணக்குப்படி, எந்த அணியும் எங்களுக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட்டதில்லை."

பிரிகிட்டே அம்மையார் இரண்டு முறை படித்தார். கோல் எண்ணிக்கை ஓடும் மின்பலகையைக் காட்டி, "அதுல அஞ்சுன்னு இருக்கே?" என்றார்.

"அது மின்பலகையோட கணக்குங்க, அம்மா. நாங்க எழுதினது ரசிகர்களோட கணக்கு. இப்போ உங்க காதாலயே கேட்டீங்களே."

அம்மையார் யோசித்தார். எழுத்தெழுத்தாகத் தேடியும் பொய் அகப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. டீட்மார் மட்டும் விடுகிற மாதிரி இல்லை. "இவ்வளவு கெட்டிக்காரன்னா, வெளியூர் ஆட்டத்துக்கும் ஒரு பலகை எழுதட்டுமே," என்றார். தலைவருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. எழுது என்றார்.

வெண்டலின் கைகட்டி நின்றார். "அது ஆகாதுங்க, தலைவரே. வெளியூர் போனா அங்க நாமதான் விருந்தாளி. அந்த ஊர் ஜனங்க நமக்குச் சைபர்னு கத்துவாங்க."

"கத்தட்டுமே. அது அவங்க கணக்கு. மின்பலகைக் கணக்கை எடுத்து எழுது."

"அங்கதாங்க சிக்கல். வெளியூர்ல மின்பலகையும் அதையேதான் சொல்லுது."

தலைவர் சிரித்த சிரிப்பில் சுருட்டு எங்கோ போய் விழுந்தது. மைக் இனி ஆயுசுக்கும் உனக்குத்தான் என்று வெண்டலினின் முதுகில் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீட்மாரைப் பார்த்தார்.

"உன் மருமகனுக்கும் ஒரு வேலை போட்டுட்டேன். வெளியூர்ல நாம போடுற கோலை அவன் எண்ணட்டும். வீட்டுல என்ன செய்யறானோ, அதேதான் அங்கேயும்."