இருபது முடிச்சுகள்

தாசையன் மாஸ்டரைத் தாணுலிங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையாலும் பல்லாலும் கட்டினார். சாக்குக்குள் சாரணர் படையின் கூடார முளைகள் இருந்தன. இனி அவை தாணுலிங்கத்தின் வீட்டில் இருக்கட்டும் என்று ஆளனுப்பி வரச் சொல்லியிருந்தார்.

கயிறு நழுவியது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் நழுவியது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கப்படாதா மாமா? அப்பா கிடந்து கஷ்டப்படுதாவளே" என்றாள் மாஸ்டரின் மகள்.

தாணுலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் ஆயிற்று.

"நிக்குமா அண்ணாச்சி?"

"நிக்கும் மாஸ்டர்."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத முடிச்சு அது. இருவருக்கும் தெரியும். இருவரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் மாஸ்டர் போய்விட்டார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தாணுலிங்கம் படித்தது அதற்கு இருபத்தாறு வருடம் முன்பு, ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில், ஒரு மதியத்தில்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. தபால் ஆபீசில் கிளார்க். மகனைச் சாரணர் படையில் சேர்க்கப் போனவர். மகன் இரண்டாம் மாதமே நின்றுவிட்டான். அப்பா நிற்கவில்லை.

படையை நடத்திய தாசையன், பஸ் டெப்போவில் மெக்கானிக். தாணுலிங்கத்தைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் தாணுலிங்கம் அவரை மாஸ்டர் என்றார். அவர் தாணுலிங்கத்தை அண்ணாச்சி என்றார். இருபது பையன்களுக்குப் பெரியவர்கள் இந்த இரண்டு பேர்தான். சம்பளம் கிடையாது. பெற்றோரின் ஏச்சு உண்டு.

"ஞாயித்துக்கிழமையானா எனக்குப் புருஷன் கிடையாது. அரை நிக்கர் போட்ட ஒரு ஆளுதான் உண்டு" என்பாள் தாணுலிங்கத்தின் மனைவி பகவதி. சொல்லிக்கொண்டே அந்த நிக்கருக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைப்பாள்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் முகாம். மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பெற்றோர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களில் அருமைநாயகம் சாரும் உண்டு. கணக்கு டியூஷன் நடத்துபவர். கயிறும் கம்புமாகத் திரிந்தால் பையன்கள் எப்போது படிப்பார்கள் என்று கேட்டு, பதினொரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். தலைமையாசிரியரும் சொல்லிவிட்டார்: முகாமில் ஒரு குறை வந்தாலும் படையைக் கலைத்துவிடலாம்.

மூன்றாம் நாள் மதியம் பையன்கள் தோப்பின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்களோடு இருந்தார். தாணுலிங்கம் தனியாகக் கூடாரங்களைச் சுற்றி வந்தார்.

கூடாரம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நாலு கயிறு. ஆளுக்கு ஒரு கயிறு என்று பையன்களே இழுத்து முளையில் கட்டியிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. நாலு மணிக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வரும். அருமைநாயகம் சாரும் வருவார்.

தாணுலிங்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். இருபது முடிச்சையும் அவிழ்த்தார். இருபதையும் இறுக்கமாக, புத்தகத்தில் உள்ளபடி போட்டார். முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் ஐந்து கூடாரமும் விறைப்பாக நின்றன.

மாஸ்டர் கை கழுவ வந்தார். கயிறுகளைப் பார்த்தார். முதல் முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். வேறொன்று போட்டார்.

இன்னும் நல்லதாகப் போடுகிறார் என்று நினைத்துத் தாணுலிங்கம் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூட ஷூவுக்குப் போடும் பூ முடிச்சு.

"இது என்ன மாஸ்டர்?"

"எட்வின் முடிச்சு."

எட்வின் அருமைநாயகம் சாரின் மகன்.

அடுத்த கயிறு. ஏழு சுற்றுச் சுற்றி, நுனியை அப்படியே விட்டார்.

"இது ஜலீல். சுத்துவான், சுத்திக்கிட்டே இருப்பான். முடிக்க மறந்திருவான்."

அடுத்தது தலைகீழாக இருந்தது.

"முத்துக்குட்டி. இடது கைக்காரன்லா?"

அதற்கடுத்தது தடியாக, அசிங்கமாக இருந்தது.

"சுடலைக்கண்ணு. ஆடு கட்டுத முடிச்சு. நம்ம புத்தகத்துல கிடையாது."

"மாஸ்டர், நாலு மணிக்கு அருமைநாயகம் சார் வாறாரு."

"வரட்டும்."

"காத்தும் நாலு மணிக்குத்தான் வரும்."

"சேர்ந்தே வரட்டும். ரெண்டுக்கும் ஒரே மரியாதைதான்."

தாணுலிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. "படையே போயிரும் மாஸ்டர். உங்க பன்னிரண்டு வருசம், என் அஞ்சு வருசம் எல்லாம் போயிரும்."

மாஸ்டர் பதினேழாவது கயிற்றில் நின்றுவிட்டார். கண்ணை மூடி யோசித்தார்.

"இது எப்படிப் போட்டிருந்தது அண்ணாச்சி? அவிழ்த்தது நீங்கதானே?"

தாணுலிங்கம் யோசித்தார். தப்பாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

மாஸ்டர் அந்த ஒரு கயிற்றை மட்டும் கட்டாமல் முளையருகே போட்டார். சாப்பிட்டு வந்த பையன் "என் கயிறு அவுந்து போச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து தானே கட்டினான்.

நாலு மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். அருமைநாயகம் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டைப் பையில் மடித்த கையெழுத்துத் தாள் தெரிந்தது. மகன் எங்கே படுத்தான் என்று பார்க்கக் குனிந்து கூடாரத்துக்குள் போனார்.

காற்று வந்தது. பூ முடிச்சு அவிழ்ந்தது. கூடாரம் அவர்மேல் உட்கார்ந்தது.

"ஏலேய், சார் உள்ள இருக்காரு!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். துணிக்கு அடியில் ஒரு மேடு நகர்ந்தது.

தாணுலிங்கம் ஓடினார். இரண்டடிதான் ஓடினார். மாஸ்டர் அவர் கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

எட்வின் அதற்குள் அங்கே ஓடியிருந்தான்.

"அப்பா, எந்திரிக்காதிய! கம்பு சரியும். முட்டுக்குத்தி இருங்க."

மேடு முட்டுக்குத்தியது.

"இப்பக் கம்பைப் பிடிங்க. நேரா. நேராப்பா!"

"எவ்வளவு நேரம்லே?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் சொல்லுதவரைக்கும்."

எட்வின் திரும்பிப் பார்த்தான். தாணுலிங்கத்தைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பக்கத்துக் கயிற்றைப் பார்த்தான். அத்தனை காற்றிலும் அது அசையவில்லை.

"சுடலை, உன்னுதை எப்படிலே போட்ட? காட்டு."

சுடலைக்கண்ணு வந்து ஒருமுறை போட்டுக் காட்டினான். உடனே அவிழ்த்தான். "நீ போடு."

எட்வின் போட்டான். நழுவியது. போட்டான். நழுவியது. தாணுலிங்கத்தின் விரல்கள் துடித்தன. மாஸ்டர் அவர் கையை விட்டுவிட்டார். தாணுலிங்கமே தம் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். இறுக்கமாகக் கோத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை நின்றது.

"வெளிய வாங்கப்பா."

அருமைநாயகம் சார் வெளியே வந்தார். சட்டையெல்லாம் செம்மண். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பிறகு பலமாக இழுத்தார். கயிறு அப்படியே இருந்தது.

"யாரு சொல்லித் தந்தா?"

"சுடலைக்கண்ணு."

சார் சுடலைக்கண்ணுவைப் பார்த்தார். "கணக்குல எத்தனை மார்க்குலே?"

"பன்னிரண்டு சார்."

"நூத்துக்கா?"

"ஆமா சார்."

பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு, காப்பி எங்கே என்று கேட்டார். பையிலிருந்த தாளை அன்றைக்கு அவர் வெளியே எடுக்கவில்லை. பிறகும் எடுத்ததாகத் தெரியவில்லை. மூன்று பையன்கள் நின்றுபோனார்கள். படை நிற்கவில்லை.

எல்லோரும் புறப்பட்ட பிறகு மாஸ்டர் தரையில் உட்கார்ந்து கயிறுகளைச் சுற்றினார். ஒவ்வொரு கயிற்றையும் நுனி முதல் நுனி வரை விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பார்த்தார். நைந்த இடத்தைக் கத்தியால் வெட்டி எறிந்தார்.

தாணுலிங்கம் எதிரே உட்கார்ந்தார். இரண்டு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"மாஸ்டர், பானை கழுவுதேன். ஃபாரம் பூர்த்தி பண்ணுதேன். வீடு வீடாப் போய்க் கெஞ்சுதேன். வீட்டுக்காரிகிட்ட ஏச்சு வாங்குதேன். முடிச்சையும் நான் போடக்கூடாதுன்னா, பொறவு என் வேலைதான் என்ன?"

மாஸ்டர் இன்னொரு கயிற்றை எடுத்தார்.

"கயிறு இத்துப்போகாம பாத்துக்கிடணும், அண்ணாச்சி."

தாணுலிங்கம் கயிற்றின் மறுநுனியை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. இப்போது படையை நடத்துவது ஜலீல். முகாமுக்கு முந்தின நாள் முளைகளை எடுக்க வருவான். சாக்கின் வாயை அவன் தொடுவதில்லை. அடித் தையலைப் பிரித்து முளைகளை எடுப்பான். முகாம் முடிந்ததும் உள்ளே போட்டுத் திரும்பக் கொண்டுவருவான். முன்பெல்லாம் பகவதி தைத்துக் கொடுத்தாள். அவள் போய் நாலு வருடமாகிறது. இப்போது தாணுலிங்கமே கோணி ஊசி வாங்கி வைத்திருக்கிறார்.

சாக்கின் அடி பதினொரு முறை பிரித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. வாயில் மாஸ்டர் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.