சிவப்பு வண்டியின் பிரேக்

"வாத்தியாரம்மா, வண்டி தயாருங்க. இப்பவாச்சும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர்.

வாத்தியாரம்மா என்று அவர் கூப்பிடும் தமயந்திக்கு முப்பத்திரண்டு வயது. மேட்டுப்பாளையத்தில், மலை ஏறும் லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கிறவள்.

அவருடைய வண்டி ஒரு சிவப்பு கார். 1966-ல் அமெரிக்காவில் செய்தது. எட்டு சிலிண்டர். சாவியைத் திருகினால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த மாதிரி வண்டி நம் நாட்டிலேயே நாலைந்துதான் இருக்கும் என்பார்.

ஏதோ ஒரு எஸ்டேட் கொட்டகையில் எலி குடியிருந்த வண்டி அது. மூன்று வருஷம் கூடவே கிடந்து உயிர் கொடுத்தார். எஞ்சினை அவரே பிரித்தார், அவரே பூட்டினார்.

பிரேக் வேலை மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் தமயந்தியிடம் வந்து சேர்ந்தார். மூன்று மாதமாக அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார்.

லாரிக்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"என்னங்க முதலாளி, இன்னைக்காச்சும் அம்மணி திட்டாம விட்டுச்சா?"

அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்றைக்கு தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சக்கரத்துக்கு எண்ணெய் போற ரப்பர் குழாயை மாத்திட்டீங்களாண்ணா?"

"அதை மட்டும் கேக்காதீங்க அம்மணி."

"மாத்தலை."

"அது வண்டியோட பொறந்த குழாய். மேல கம்பெனி நம்பர் அப்படியே இருக்குது. ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலத்துல, பரிசு குடுக்கறவங்க குனிஞ்சு அதைத்தான் பாப்பாங்க. புதுசு போட்டா அவ்வளவுதான், பரிசு போயிருமுங்க."

"ஊர்வலம் எங்கிருந்துங்கண்ணா?"

"கோத்தகிரியில இருந்து கீழ இறங்கறோம். எங்க வீட்டுக்காரி சரசு எம்பக்கத்துல உக்காந்துக்கும். மகளும் பேத்தியும் பின்னாடி."

அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே இடத்திலிருந்துதான் எண்ணெய் போகும். ஒரு குழாய் வெடித்தால் நாலுமே பிடிக்காது. இதை தமயந்தி முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"குழாய் நல்லா இருக்குதா?"

"ஒரு வெடிப்பு இல்லீங்க. தடவித் தடவிப் பாத்துட்டேன்."

"உள்ளே?"

"உள்ளே எப்படிங்க பாக்கறது?"



தமயந்தி பட்டறையில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் மூடிக் கிடக்கும் மில்லின் மைதானம். கடைசியில் ஒரு மணல் மேடு. நடுவில் நாற்காலியைப் போட்டாள்.

உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணா. நாப்பது கிலோமீட்டர் வேகத்துல வந்து எனக்கு முன்னாடி நிறுத்துங்க."

"என்ன விளையாட்டு அம்மணி இது? எந்திரிங்க."

"வண்டி தயார்னீங்களே."

"தயாருதான்."

"அப்ப வாங்க."

"கொஞ்சம் ஓரமா உக்காந்துக்கங்களேன்."

"சரசக்காவும் ஓரமாத்தான் உக்காரப் போறாங்களா?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. போய் வண்டியில் ஏறினார். லாரிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

வண்டி உறுமிக்கொண்டு வந்தது. நின்றது.

நாற்காலிக்கு நாலு முழம் முன்னால்.

அவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா?"

"இன்னொரு தடவை."

இரண்டாவது தடவை மூன்று முழத்தில் நின்றது. ஒரு லாரிக்காரர் விசில் அடித்தார். இன்னொருவர் ஓடிப்போய் தமயந்திக்கு ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்து கொடுத்தார்.

"உங்களுக்கு இல்லீங்க முதலாளி. நீங்க டிரைவர்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"இன்னொரு தடவைங்கண்ணா."

"போதும் அம்மணி. பிடிக்குதுல்ல?"

"மலையில வளைவு ரெண்டோட முடிஞ்சிருமா?"

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு தூரமாகப் போனார். மறுபடி வந்தார். மைதானம் முழுக்கப் புழுதி. புழுதிக்குள்ளே நீலம் மட்டும் தெரிந்தது.

மிதித்தார்.

காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பிரேக் மிதி தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. கை பிரேக் ஞாபகத்துக்கே வரவில்லை.

படார் என்று ஒரு சத்தம்.

கண்ணாடியில் நீலத் துண்டுகள் தெறித்தன. வண்டி மணல் மேட்டில் போய்ச் சொருகி நின்றது. எஞ்சின் அணைந்தது.



சென்னியப்பன் கதவைத் தள்ளித் திறந்தார். இறங்கினார். மண்ணில் குப்புறப் படுத்தார். வண்டிக்கு அடியில் தேடினார்.

நாற்காலியின் ஒரு கால் கிடந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால் அந்த ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிந்து தொங்கியது. எண்ணெய் சொட்டியது. நம்பர் மட்டும் அழியாமல் இருந்தது.

"அம்மணி!" என்று கத்தினார். "அய்யோ, அம்மணி!"

"இங்கேதாங்கண்ணா இருக்கேன்."

மில் சுவர் ஓரமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலி கிளாஸ். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அவர் தட்டுத்தடுமாறி எழுந்து அவளிடம் போனார்.

"பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை பிடிக்காதுன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சீங்க. அப்படித்தானுங்களே?"

அவள் மணல் மேட்டில் சொருகி நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அம்மணி. தெரியும்தானே?"

"தெரியாதுங்கண்ணா. நீங்க தயார்னு சொன்னீங்க, உக்காந்தேன்."

"அப்புறம் எதுக்கு எந்திரிச்சீங்க?"

அவள் காலி கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"டீயில ஈ விழுந்திருச்சு. கொட்டப் போனேன்."