மடத்து வானொலியில் கெட்டிமேளம்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடம். அதன் குருவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த குலசேகரனுக்கு அறுபத்திரண்டு. சீடர் குருவை ‘சாமி’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

குலசேகரன் ஒரு வானொலி நிலையத்தில் ஆயுசு முழுக்க ஒலிப் பொறியாளராக இருந்தவர். மனைவி ஆவுடையம்மாள் காலமான பிறகு ஒரே ஒரு பையோடு மடத்துக்கு வந்துவிட்டார். ஞானம் தேடித்தான் வந்தார். ஆனால் வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற அன்பர்களும் காலைப் பேச்சைக் கேட்கட்டுமே, மடத்துக்கு ஓர் இணைய வானொலி தொடங்கலாம் என்றார்.

“செய்ங்க அண்ணாச்சி,” என்றார் குரு.

ஒரு லேப்டாப், இரண்டு மைக், ஒலியைச் சீர்படுத்தும் ஒரு மென்பொருள். குலசேகரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி காதில் விழாது. கல்யாண வீட்டுச் சமையற்காரர் உப்புப் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார். இழந்த வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

ஒரு கவலை மட்டும் மிச்சம். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும், குரு ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்த பிறகுதான் பதில் சொல்வார்.

“சாமி, ரேடியோவுல தண்ணி குடிக்கப்படாது.”

“தாகம் எடுத்தா?”

“அதுக்குச் சொல்லல. நீங்க குடிக்கிற நேரம் சத்தமே இருக்காதுல்லா? கேக்கிறவன் ஸ்டேஷன் படுத்துட்டுன்னு வேற பக்கம் போயிருவான். எங்க ஆபீஸ்ல அப்படி விட்டா மறுநாளே மெமோ வந்துரும்.”

“எனக்கு யாரு மெமோ குடுப்பா?”

குலசேகரன் சிரித்தார், ஆனால் விடவில்லை. மென்பொருளில் அதற்கும் ஒரு வழி இருந்தது. சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோனால், தானாகவே ஒரு பாட்டைப் போட்டுவிடும். தன்னிடம் இருந்த நாதஸ்வரப் பதிவு ஒன்றை அதில் சேர்த்துவைத்தார். மங்களகரமாக இருக்கட்டும் என்று நினைத்தார், பாவம்.

முதல் நாள் ஒலிபரப்பு. குரு பேசி முடித்ததும் மஸ்கட்டிலிருந்து ஒருத்தி போனில் வந்தாள். பெயர் சண்முகவடிவு. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“சாமி, எங்க வீட்டுக்காரவுக போயி ஆறு மாசம் ஆச்சு. எனக்கு இன்னும் ஒரு சொட்டு அழுகை வரல்ல. கல்நெஞ்சுக்காரிங்காவ எல்லாரும். நான் அப்படியா சாமி?”

குரு செம்பை எடுத்தார்.

மென்பொருள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு தனக்குச் சொல்லிவைத்ததைச் செய்தது. உலகத்தில் யாரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேர் காதிலும் கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டும் நேரத்து மேளம்.

குலசேகரன் பதறிப்போய் எதையெதையோ அமுக்கினார். மேளம் நிற்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினார். படித்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை. மத்தியானம் அவர் பையை எடுத்து வைத்ததைக் குரு பார்த்தார்.

“ஊருக்கா அண்ணாச்சி?”

“தாலியறுத்தவ காதுல மேளம் கொட்டிட்டேன் சாமி. இனி எனக்கு எதுக்கு ஞானம்?”

“போங்க. போறதுக்கு முன்னாடி, இதுல எது எது என்ன செய்யும்னு சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு யாராவது பாக்கணும்லா?”

அது நியாயமாகப்பட்டது. குலசேகரன் லேப்டாப்பைத் திறந்தார்.

“இது?”

“கத்துதவங்களை அமுக்கும் சாமி.”

“இது?”

“முனகுதவங்களைத் தூக்கிவிடும்.”

“நல்ல காரியம். இது?”

“ரொம்பச் சின்னச் சத்தத்தை வெட்டிரும். மூச்சு, மேல சுத்துத காத்தாடி, அந்த மாதிரி.”

“இது?”

குலசேகரன் கொஞ்சம் தயங்கினார். “இதுதான் மேளம்.”

குரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாலி கட்டும்போது எதுக்கு அண்ணாச்சி மேளம் கொட்டுதாவ?”

“அபசகுனமா ஒரு சத்தமும் காதுல விழுந்துரப்படாதுன்னு.”

“நீங்க எது விழுந்துரப்படாதுன்னு கொட்டுதிய?”

குலசேகரன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். ஆவுடையம்மாள் போன அன்று அவர் அழவில்லை. பந்தலும் சாப்பாடும் பார்க்க ஆள் வேண்டுமே. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு டிவியைப் போட்டார். மடத்துக்குக் கிளம்பும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இங்கே அறையில் தூங்கும்போதும் தலைமாட்டில் போன் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்.

குரு எழுந்து போய்விட்டார். குலசேகரன் திரையில் கடைசி இரண்டுக்கும், சின்னச் சத்தத்தை வெட்டுவதற்கும் மேளத்துக்கும், போட்டிருந்த டிக்கை எடுத்தார். பைக்குள் வைத்த வேட்டியை வெளியே எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார்.

அடுத்த ஒலிபரப்பில் போன் மணி அடித்ததும் அவர் எண்ணைப் பார்த்தார். மஸ்கட் எண்.

“போன தடவை மேளம் கொட்டினிய,” என்றாள் சண்முகவடிவு. “கோவம்தான் வந்துச்சு. இனிமே கூப்பிடக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா கேட்ட கேள்வி அப்படியே நிக்கி சாமி.”

குரு தலையசைத்தார். செம்பை எடுத்தார்.

அறையில் சத்தம் நின்றது. பாட்டைப் போடும் பொத்தான்மேல் குலசேகரனின் விரல் போய் நின்றது. பழைய பழக்கம். அமுக்கவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மென்பொருள் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லையென்றதும் இருக்கிற சின்னச் சத்தத்தைப் பிடித்துத் தூக்கியது. முதலில் காத்தாடி கேட்டது. பிறகு குருவின் தொண்டையில் தண்ணீர் இறங்குவது கேட்டது. இதெல்லாம் அப்படியே மஸ்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வேறொரு சத்தம். குலசேகரன் ஹெட்போனில் அதைக் கேட்டார். எந்த மைக்கில் கோளாறு என்று ஒரு கணம் தேடவும் செய்தார். யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம். கன்னம் நனைந்த பிறகுதான் அது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

“சாமி,” என்றாள் அவள் மெதுவாக. “அங்க யாரோ அழுதாவளே.”

குரு செம்பை இறக்கினார். “எங்க ரேடியோ அண்ணாச்சிதாம்மா.”

“என்னத்துக்கு?”

குரு குலசேகரனைப் பார்த்தார். குலசேகரன் மைக் பக்கம் குனிந்தார்.

“எங்க வீட்டம்மாவும் போயிட்டா, தாயி,” என்றார். “ரெண்டு வருசம் ஆச்சு. இப்பதான் வருது.”

அந்தப் பக்கமிருந்து ஒரு விம்மல் கேட்டது, அடுத்து இன்னொன்று. மஸ்கட்டில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். மென்பொருள் அதை வெட்டவும் இல்லை, மேளம் கொட்டி மூடவும் இல்லை. குலசேகரன் திரையைப் பார்க்காமல் அவளோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்படி ஓர் ஆறுதல் அவருக்கு அந்த இரண்டு வருடத்தில் கிடைத்ததில்லை.

நெடுநேரம் கழித்து, “வைக்கிறேன் சாமி. டூட்டிக்கு நேரமாச்சு,” என்றாள். குரல் லேசாக இருந்தது.

ஒலிபரப்பு முடிந்தது. குலசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒயர்களைச் சுற்றினார். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு குறை.

“சாமி, அந்தப் பிள்ளை கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே?”

செம்பில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. குரு அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நான் குடிச்சு முடிக்கதுக்குள்ள நீங்க சொல்லிட்டியளே, அண்ணாச்சி.”