கிரைண்டரைத் தொடச் சொன்ன டீச்சர்

"நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்க டீச்சர். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு" என்றார் தலைமையாசிரியர் பலவேசம்.

மின் பணிமனை வாசலில் நின்றுதான் சொன்னார். கம்ப்யூட்டர் அறைக்குப் போகிற பழக்கத்தில் செருப்பை வெளியே கழற்றிப் போட்டிருந்தார்.

"மொதல்ல செருப்பை மாட்டிக்கிட்டு உள்ள வாங்க சார். இங்க வெறுங்காலோட நிக்கக் கூடாது" என்றார் ஜெசிந்தா.

ஜெசிந்தா அந்தப் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வயரிங்கும் மோட்டார் வேலையும் சொல்லித் தருகிறவர். பலவேசத்தைவிட இருபது வயது இளையவர், பதவியிலும் கீழே. ஆனால் கேள்வியோடு வருகிறவர் யாரோ அவர்தானே சீடன்? அன்றைக்கு வந்தது பலவேசம்.

"யாருக்குப் புத்தி சொல்லணும் சார்?"

"இசக்கிப்பிரியாவுக்கு. பத்தாவதுல நானூத்தி எழுபத்தெட்டு. பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க். டாக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை, உங்க எலெக்ட்ரிக்கல் குரூப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

"அவங்க அப்பா என்ன சொல்லுதாரு?"

"அவ இஷ்டம்ங்காரு. படிவத்துல கையெழுத்தே போட்டுட்டாரு. நான்தான் போடலை. இன்னைக்குச் சாயங்காலத்தோட சேர்க்கை முடியுது."

"எதுக்காகக் கேக்கான்னு விசாரிச்சீங்களா?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானே. அவ அம்மா மாவு அரைச்சு வித்த பொம்பளை. போன ஐப்பசி மழையில கிரைண்டர்ல கை வச்சா, ஷாக் அடிச்சு அந்தால போயிட்டா. யாரோ அரைகுறையா மாத்திக் கொடுத்த வயரு. அந்தத் துக்கத்துல இது இப்படிப் பேசுது. ஆறு மாசத்துல மனசு மாறிரும். அப்ப பயாலஜியில இடம் இருக்காது."

பலவேசம் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கவேண்டும் என்று மெய்யாகவே தவித்தார். ஆனால் வருடா வருடம் சேர்க்கையின்போது அவர் செய்வது ஒன்றுதான். மார்க் பட்டியலை மேலிருந்து கீழே வாசிப்பார். தலையில் இருப்பவர்கள் பயாலஜிக்கு, நடுவில் இருப்பவர்கள் காமர்ஸுக்கு, மிஞ்சியவர்கள் ஜெசிந்தாவிடம். எந்தப் பிள்ளையிடமும் வேறொரு கேள்வி அவர் கேட்டதில்லை.

"மார்க்குன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்? அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"



பணிமனை மூலையில் ஒரு பழைய கிரைண்டர் நின்றது. ஊர்க்காரர் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்தது. ஜெசிந்தா அதன் அருகே போய், கல்லில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார்.

கல் சுற்றத் தொடங்கியது. கிரைண்டரின் வெளித் தகரத்தின்மேல் தண்ணீர் வழிந்தது.

"தொட்டுப் பாருங்க சார்."

பலவேசத்தின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"இது யாரு வயர் மாத்துனது?"

"நம்ம பிள்ளைதான். நீங்க அனுப்புன பிள்ளை."

"எந்தப் பிள்ளை?"

"பேரைச் சொன்னா ஆள் தெரியுமா சார்?"

தெரியாது. அது அவருக்கே தெரிந்தது.

இசக்கிப்பிரியாவின் வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனபோது பார்த்த, செத்துப்போன அவள் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. குளிப்பாட்டியும் போகாமல் நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. பலவேசத்துக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"கவனமான பிள்ளையா டீச்சர்?"

ஜெசிந்தா கல்லில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

"கேக்குதேன்ல? செஞ்சதை இன்னொரு தடவை சரிபாக்குற பிள்ளையா? தொடப்போறதும் ஒரு உசுருதானேன்னு நெனைக்கிற பிள்ளையா?"

"மார்க் எவ்வளவுன்னு கேக்கலையே சார்" என்றார் ஜெசிந்தா.

 

கல் சுற்றிக்கொண்டே இருந்தது.

பலவேசம் அந்த ஈரத் தகரத்தின்மேல் இடதுகையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. வலதுகையால் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.