ஒலிவ மரம் சொன்ன ஒரே பொய்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசின. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததற்கும் பதில் சொல்லும் வழக்கம் மனிதர்களிடம்தான் இருந்தது.

கிரேக்கக் கடலில் ஒரு சிறு தீவில் உலகின் முதல் ஒலிவ மரம் நின்றது. ஆலிவ் என்றாலும் சைத்தூன் என்றாலும் அது கோபித்துக்கொள்ளாது. அன்று அது கமுகுபோல நேராக இருந்தது. உள்ளே வயிரம் பாய்ந்திருந்தது. இலையின் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. தீவில் வழக்கு வந்தால் அதன் மேல் கைவைத்துக் கேட்பார்கள். அது உண்மையைச் சொல்லும். பொய் சொன்னால் தன் வயிரம் செத்துப்போகும் என்று அதற்குத் தெரியும்.

அந்தத் தீவில் கார்மோஸ் என்றொரு குயவன் இருந்தான். அவன் மனைவி மெலின்னா. அங்கே ஆண் பிறந்தால் வாசலில் ஒலிவக் கிளை தொங்கும், பெண் பிறந்தால் கம்பளி நூல். ஐந்தாம் நாள் தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடுவான். (ஐந்தாம் நாளா, ஏழாம் நாளா என்று படித்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தத் தீவில் ஐந்துதான்.) தீயைச் சுற்றிய குழந்தை வீட்டுப் பிள்ளை, அதன் பிறகு யாரும் தள்ள முடியாது. சுற்றாத குழந்தையை ஒரு பானையில் வைத்து மரத்தடியில் விட்டுவிடலாம். ஊர் ஒன்றும் சொல்லாது.

கார்மோஸ் தன் இரண்டு பெண் குழந்தைகளை அப்படி விட்டிருந்தான். பானைகள் அவன் வனைந்தவையே. இரண்டையும் ஒலிவ மரத்தின் வேரில்தான் வைத்தான். அழுகை நிற்கும்வரை மரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதும் பெண். பேறு பார்த்த மருத்துவச்சியின் கையை மெலின்னா பிடித்துக்கொண்டாள்.

"வாசலில் கிளையைக் கட்டிவிடு. ஐந்து நாள் நான் துணியை அவிழ்க்க மாட்டேன்."

"உன் புருஷன் மண்ணைத் தொட்டே மழை சொல்கிறவன். இது தெரியாமலா போகும்?"

"ஓடி முடித்த பிறகு தெரியட்டும்."

மருத்துவச்சி கிளை வெட்டப் போனாள். வெட்டும்போது மரத்திடம் சொன்னாள்: "தாயே, மெலின்னா சொல்லச் சொன்னாள். முன்னே இரண்டு பேர் அழுததை நீ கேட்டாயாம். இன்னொன்றையும் கேட்க வேண்டுமா என்று கேட்டாள்."

கேள்வி என்று வந்துவிட்டதே. "வேண்டாம்" என்றது மரம். அது உண்மைதான்.

நான்காம் நாள் கார்மோஸுக்குச் சந்தேகம் வந்தது. ஆண் பிறந்த வீட்டில் மருத்துவச்சி மது கேட்காமல் போகமாட்டாள். இவள் கேட்கவே இல்லை. அவன் நேரே மரத்திடம் போய்க் கைவைத்தான்.

"என் வீட்டுக் கிளை ஆண் குழந்தைக்குத்தான் வெட்டியதா?"

மரம் வேரைப் பார்த்தது. இரண்டு பானைகளின் ஓடுகள் மண்ணிலிருந்து இன்னும் எட்டிப் பார்த்தன.

"ஆண் குழந்தைக்குத்தான்" என்றது.

அவன் சந்தோஷமாகத் திரும்பி நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மரம் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. உள்ளே வயிரம் பொடிந்து உதிர்ந்தது.

மறுநாள் கார்மோஸ் அடுப்பைச் சுற்றி ஓடினான். கடைசிச் சுற்று முடிந்து நின்றபோது துணி அவிழ்ந்துவிட்டது. பார்த்தான். அப்படியே நின்றான். குழந்தை அவனுடைய களிமண் ஏறிய விரலைப் பிடித்துக்கொண்டு தும்மியது. மெலின்னா குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"பாலைக் கொடு, குளிர்கிறது போலிருக்கிறது" என்றான் அவன்.

மகனுக்கென்று வைத்திருந்த தன் தகப்பன் பெயர் தெமிசோன். அதையே தெமிசா என்று மாற்றி அவளுக்கு வைத்தான். பிறகு மரத்தைப் பார்க்கப் போனான். அது பொந்தாகி, முறுகி நின்றது. அவனுக்குப் புரிந்தது.

"இவள் வளர்ந்து உன்னிடம் வந்து கேட்பாள். கேட்காத பிள்ளையாக இருக்க மாட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவள் அப்பன் என்ன செய்ய இருந்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே."

இனி பேசினால் உண்மையைத்தான் பேச வேண்டும். உண்மை இதுதான். மரம் பேசுவதையே விட்டுவிட்டது.

தெமிசா அப்பாவின் சக்கரத்தடியில் வளர்ந்தாள். அவள் பிறக்கும் முன்பே, பெண்ணானால் வைத்து விட அவன் வனைந்து வைத்திருந்த பானையில் கூழாங்கற்களைப் போட்டு விளையாடினாள். "இதற்கு ஏன் இவ்வளவு பெரிய வாய்?" என்று கேட்பாள். கார்மோஸ் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவான்.

அவள் பெரிய தத்துவ ஞானியானாள். கார்மோஸ் இறந்த பிறகு, அந்த ஒலிவ மரத்தடியில் பாடம் சொன்னாள். பல தீவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மெலின்னா வயதாகி, ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்பாள்.

ஒருநாள் தெமிசா பொந்துக்குள் கைவிட்டுக் காட்டினாள்.

"பொய் சொன்னால் மரம் உள்ளே செத்துப்போகும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே இது பொய் சொல்லியிருக்கிறது. யாரோ வழக்கில் தோற்றிருப்பார்கள், பாவம். என் அப்பா என்னைத் தூக்கித் தீயைச் சுற்றி ஏற்றுக்கொண்டவர். என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் பொய் கூடாது. இந்த மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்."

தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. மாணவர்கள் மரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒருவன் துப்பினான்.

மெலின்னா எழுந்தாள். வாயைத் திறந்தாள். மகள் முகத்தில் அப்பாவைப் பற்றிப் பேசிய வெளிச்சம் இன்னும் இருந்தது. கிழவி போய் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் தெமிசா.

"ஒன்றுமில்லை. கால் வலி."

அவள் முதுகு பட்ட இடத்தில் மரம் நடுங்கியது. கிளைகளில் இருந்த இலைகள் எல்லாம் புரண்டு, பச்சை போய் வெளுத்த ஒரு பக்கத்தைக் காட்டின. பிறகு மெல்ல மூடிக்கொண்டன.

உலகத்து ஒலிவ மரங்கள் எல்லாம் அதன் வேரில் முளைத்த கன்றுகளின் பிள்ளைகள். அன்று தொட்டுத்தான், முறுகிப் பொந்தான அந்த மரங்கள், காற்று வரும்போது இலையின் வெளுத்த பக்கத்தைத் திருப்பி ஏதோ சொல்ல வந்ததுபோல் காட்டிவிட்டு, சொல்லாமலே மறுபடி மூடிக்கொள்கின்றன.