கிளிக்கு மறு இறகு முளைத்த கதை

அந்தக் காலத்தில் கிளிகள் நம்மிடம் பேச்சுக் கற்றுக்கொள்ளவில்லை. அவற்றுக்கே சொந்தமாகப் பேச்சு இருந்தது. மரமும் பேசும், பூனையும் பேசும். ஆனால் இறகு விஷயம் வேறு. குஞ்சில் முளைத்த இறகுதான் சாகும்வரைக்கும். அது உதிரவும் உதிராது, புதிதாக முளைக்கவும் முளைக்காது.

கொவ்வைப்பட்டியில் வீட்டுக்கு ஒரு கிளி இருந்தது. கூண்டு கிடையாது. காலையில் பறந்து போகும், பொழுது சாய்ந்ததும் திரும்பும். ஒரு கிளி வரவில்லையென்றால் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே தலைகாட்ட முடியாது. "உங்க வீட்டுச் சோறு கிளிக்கே பிடிக்கலையாமே?" என்று ஊரே கேட்கும். மானத்தைப் போயும் போயும் ஒரு பறவையின் காலில் கட்டிவைத்த ஊர் அது.

எள் விற்கும் செங்கமலத்தின் கிளிக்குப் பவளம் என்று பெயர். ஒருநாள் அது மலைப்பக்கம் போய் மறுநாள் காலையில்தான் வந்தது. ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. வாய்க்கால் கரையில் கிளிகளைக் குளிப்பாட்ட வந்தவர்கள் எல்லாரும் செங்கமலத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கூண்டு செஞ்சு அடைச்சுப் போடு" என்றாள் ஒருத்தி.

"அடைச்சா ஏங்கியே செத்துப்போகும். கால்ல சங்கிலி போட்டாப் போதும்" என்றார் ஒரு பெரியவர்.

"ஜோடி சேத்து விடு, வீடு தங்கும்" என்றாள் வேறொருத்தி.

"ஜோடி சேந்தா இவளைத் திரும்பிக்கூடப் பாக்காது!"

ஆளுக்கொரு வைத்தியம். ஏன் வரவில்லை என்று பவளத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு வீரணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "முருங்கையை ஒடிச்சு வளர்னு சும்மாவா சொன்னாங்க? இறகை நறுக்கி விடு தாயி. மறுபடி தழையிறதுக்குள்ள வீட்டுப் பழக்கம் வந்துரும்" என்று இடுப்பிலிருந்த பாக்குவெட்டியை நீட்டினான். அதுவரை யாரும் கிளி இறகை வெட்டிப் பார்த்ததில்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்த செங்கமலம் அதை வாங்கினாள். இரண்டு சிறகிலும் நீள இறகுகளை நறுக்கினாள்.

முருங்கைதான் தழைத்தது. இறகு தழையவில்லை. மாதங்கள் போயும் வெட்டிய தண்டுகள் மொட்டையாகவே நின்றன. பவளம் சுவரிலிருந்து எம்பிப் பார்த்தது, காயப்போட்ட எள்ளில் வந்து விழுந்தது.

"என்ன பவளம், இப்பல்லாம் நடைதானா?" என்று விசாரித்தது எதிர்வீட்டுப் பூனை. குரலில் அவ்வளவு அக்கறை!

செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. பூனைக்குப் பயந்து போகிற இடமெல்லாம் பவளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"அன்னிக்கு மலையில நல்ல மழை ஆத்தா. அதான் தங்கிட்டேன்" என்றது பவளம் ஒருநாள்.

"அதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

செங்கமலம் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கொல்லைக்குப் போய் முருங்கையின் முன்னால் நின்றாள். "நீ மட்டும் எப்படித் தழையிற? இதுக்கும் சொல்லிக்குடு."

"ஒடிஞ்சதை நான் கட்டிக்கிட்டு அழ மாட்டேன்" என்றது முருங்கை. "உன் கிளி அந்த மொட்டைத் தண்டைக் கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கு. அதை விடச் சொல்லு. இடம் இருந்தாத்தானே புதுசு வரும்?"

"விட்டுட்டு, முளைக்கலேன்னா?" என்று கேட்டது பவளம்.

"அதுக்கு நான் பொறுப்பில்ல. எனக்கு முளைச்சுது, சொன்னேன்."

பவளம் மொட்டைத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கோதிப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தன் அலகாலேயே ஒரு தண்டைப் பிடுங்கிக் கீழே போட்டது.

சில நாளில் அந்த இடத்தில் முள்ளாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. பவளம் அடுத்த தண்டையும் விட்டது, அதற்கடுத்ததையும் விட்டது. செய்தி கேட்டு வீரணன் ஓடிவந்தான். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, தழையும்னு! இப்பவே ஒரு நறுக்கு நறுக்கிருவோம்" என்று இடுப்பில் கை வைத்தான்.

"அண்ணே, குருத்துக்குள்ள ரத்தம் ஓடுது. கையைக் கொண்டுவந்தீங்க, பாக்குவெட்டி வாய்க்கால்ல கெடக்கும்!"

செங்கமலம் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. வந்த வழியே வீட்டைப் பார்க்கப் போனான்.

இறகுகள் வளர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், பவளம் தோளைவிட்டு இறங்கிச் சுவரில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. செங்கமலம் கொல்லைக் கோடியில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். பூனை சுவரேறுவதைப் பார்த்துவிட்டாள். ஓடினாலும் எட்டாது. "பவளம்!" என்று அலறினாள்.

பூனை பாய்ந்தது. பவளம் சிறகை விரித்தது. கொஞ்சம் தாழ்ந்தது, தடுமாறியது, பிறகு ஜிவ்வென்று கூரைக்கு மேலே ஏறி முருங்கை உச்சியையும் தாண்டிப் போனது. பூனையின் வாயில் காற்றுதான் மிஞ்சியது. செங்கமலம் "அப்பாடா!" என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"திரும்பி வருமா?" என்று ஊர் கேட்டது.

"வந்தா சோறு இருக்கு. வராட்டி பறந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்" என்றாள் செங்கமலம்.

பவளம் தான் கண்டுபிடித்ததை எல்லாக் கிளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தது. அன்று முதல்தான் கிளிகள் பழைய இறகை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுப் புது இறகு முளைக்க விடுகின்றன. வெட்டலாமா, அடைக்கலாமா, சும்மா விடலாமா என்ற வாக்குவாதம் கிளி வளர்ப்பவர்களிடம் இன்றைக்கும் ஓயவில்லை. அவர்கள் பேசி முடிவுக்கு வருவதற்குள் இறகு முளைத்துவிடும்.