தீவுப்புறாவின் பசி

காக்கை இல்லாத தீவு ஒன்று இருந்தது. கரையிலிருந்து விடியலில் படகேறினால் வெயில் உச்சிக்கு வருமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். உடைமரமும் தாழையும் மணலும் தவிர அங்கே அதிகமாய் ஒன்றும் கிடையாது. சின்னதாய் ஒரு முருகன் கோயில். அதை ஒட்டிய குடிசையில் அம்மை இருந்தாள்.

அம்மைக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த திரவியத்துக்கோ அறுபது. அதனால் குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்றாள். சீடர் குருவை ‘அம்மா’ என்றார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

கரையில் இருந்த காலத்தில் திரவியம் பேர்போன தவசிப்பிள்ளை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எதுவானாலும் பெரிய சமையல் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பந்தி எழுந்ததும் அவர் ஆட்களைப் பார்க்கமாட்டார், இலைகளைத்தான் பார்ப்பார். வழித்துத் துடைத்த இலை என்றால் முகம் மலரும். சோறு மிச்சம் கிடந்தால் அன்று பூராவும் யாரோடும் பேச்சு இல்லை.

ஊருக்கே பொங்கிப் போட்ட மனிதர், சொந்த வீட்டில் ஒரு நாளும் உலை வைத்ததில்லை. மனைவி பாக்கியத்தாய் படுக்கையில் விழுந்த பிறகுதான் முதன்முதலாய் அவளுக்கென்று ரசம் வைத்தார். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டவும் செய்தார். அவள் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, “போதும், வயிறு நிறைஞ்சிட்டு” என்பாள்.

அவருக்குச் சுருக்கென்று தைக்கும். தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இத்தனை வருஷத்துக் கோபத்தையும் இவள் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்போடேயே அவளை அனுப்பியும் வைத்தார்.

அவள் போன பிறகுதான் அம்மையிடம் வந்து சேர்ந்தார். வருஷம் திரும்பியது. திதிக்குக் கரைக்குப் போய்விடலாம் என்றிருந்தார். காற்று விடவில்லை. படகு வரவே இல்லை.

“காக்காயே இல்லாத இடத்துல யாருக்கும்மா சோறு வைக்க?” என்று கேட்டார்.

“வைங்க அண்ணாச்சி. வர்றது வரும்.”

அவர் குளித்து, ஈர வேட்டியோடு அடுப்பைப் பற்றவைத்தார். பச்சரிசிச் சோறு, பருப்பு, நெய், கொஞ்சம் எள். கருமாதி அன்று சோறு வைத்தது மகன். இது அவரே பொங்கி, அவரே வைப்பது. பூவரச இலைகளைத் தைத்து, கோயிலின் பின்பக்கம் இருந்த கல்லில் பரப்பி, சோற்றைக் குவித்தார்.

“கா... கா...” என்று கூப்பிட்டார். அலைச்சத்தம்தான் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார்.

அப்போது தாழம்புதரிலிருந்து ஒரு புறா வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. கோயிலைச் சுற்றி வருகிற வயசான பெண்கள் எப்படி நடப்பார்கள், அப்படி. கல்லில் ஏறியது. அவரை ஒரு பார்வை பார்த்தது. இரண்டு பருக்கையைக் கொத்தியது. பிறகு இறங்கி, வந்த வழியே நடந்து போய், நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

திரவியம் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. சோற்றின் மேல் நெய் உறைந்தது. வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்து அம்மையிடம் போனார். அதுவரை பச்சைத்தண்ணி கூட அவர் பல்லில் படவில்லை.

“அடுத்த படகு வந்தா நான் கிளம்புதேன்மா.”

“எங்க?”

“எங்கேயாவது. கட்டினவளே என் கைச்சோத்தைத் தொடலை. நான் பொங்குற படையலை முருகன் மட்டும் தொட்டுருவானா?”

“புறா தொட்டுச்சே.”

“ரெண்டே பருக்கை. அவளும் இப்படித்தான், ரெண்டு வாய்க்கு மேல வாங்கமாட்டா. செத்தும் அந்தக் கோவம் தீரலை.”

“உங்க பந்தியில உக்காந்தவங்க எல்லாரும் மூணாவது தடவை சாம்பார் கேட்டவங்கதானா?”

“கேலி பண்ணாதீங்கம்மா.”

“இல்லை அண்ணாச்சி. கையை நீட்டுங்க.”

அம்மை குடிசைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினாள். அதற்குள்ளும் ஒரு புறா. போன தடவை வந்த படகின் பாய்மரத்தில், இறக்கை அடிபட்டு ஒட்டிக்கொண்டு வந்த கரைப்புறா அது. விடிந்தால் அடைகிறவரை தின்றபடியே இருக்கும். கம்பு போட்டு மாளாது. அம்மை ஒரு துண்டைப் போட்டு மூடி, அதோடு மல்லுக்கட்டித்தான் பிடிக்க முடிந்தது. பிடித்து அவருடைய வலது கையில் வைத்தாள்.

பிறகு தாழம்புதருக்குப் போனாள். குனிந்தாள். கீழே விழுந்த பூவை எடுப்பதுபோலத் தீவுப்புறாவை எடுத்தாள். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. அதை இடது கையில் வைத்தாள்.

திரவியம் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு பறவை இப்படிக் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாது.

வலது கையில் இருந்தது கொதித்தது. உலைமூடி தடதடக்கிறாற்போல அதன் நெஞ்சு விரல்களுக்கு நடுவே அடித்தது. எண்ண முடியாது, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. நெஞ்சுச் சதை முறுக்கின கயிறு மாதிரி விறைத்து, இப்போதே பறந்துவிடுவேன் என்று திமிறியது.

இடது கையில் ஒன்றுமே தெரியவில்லை.

“அம்மா, இதுக்கு உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“சூடே இல்லையே.”

“இருக்கு. தேடுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அலை மட்டும் கேட்டது. அப்புறம் அது வந்தது. ஒரு துடிப்பு. அது அடங்கி, அதற்கென்று ஓர் இடம் விட்டு, அடுத்தது. எந்த அவசரமும் இல்லை. அல்வாக் கிண்டி இறக்கிய பிறகு, அடுப்புச் சாம்பலுக்கு அடியில் தணல் இருக்கும். பார்த்தால் தெரியாது, கையைக் கொண்டுபோனால்தான் தெரியும். அந்தச் சூடு. அவருக்குப் புல்லரித்தது. சந்நிதியில் திரை விலகும்போது கூட அவருக்கு இப்படி ஆனதில்லை.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். “இது வேற சாதிப் புறாவாம்மா?”

“ஒரே சாதிதான். இதோட பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி யாரோ, அந்தக் கரைப்புறா மாதிரி காத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கு. வரும்போது அதுவும் இப்படித்தான் கொதிச்சிருக்கும்.”

“பிறகு எப்படி?”

“இங்க பருந்து கிடையாது, பூனை கிடையாது, பாம்பு கிடையாது. யாரைப் பாத்து ஓடணும்? கிடைக்கிற இரையும் கொஞ்சம். பிள்ளை, பேரப்பிள்ளைன்னு வர வர உள்ள எரியிற தீ தணிஞ்சுக்கிட்டே வந்துட்டு.”

“யாரு தணிச்சா?”

“எரிய விட்டவன்தான்.”

திரவியம் கோயில் பக்கம் திரும்பினார். உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு உள்ளங்கையளவு உயிர். அதற்குள்ளே ஒரு அடுப்பு. அதற்கு இவ்வளவு போதும் என்று அளந்து வைத்த ஒரு கை. அந்தக் கையை நினைத்தபடி விளக்கையே பார்த்தார்.

கடைசியில் கேட்டார். “அப்போ இது பசியோட எழுந்திரிச்சுப் போகலையா?”

“நீங்க அடுப்போட வாழ்ந்த மனுஷர். நீங்க சொல்லுங்க. தணலா இருக்கிற அடுப்புக்கு எவ்வளவு விறகு வைப்பீங்க?”

“தணலுக்கு எதுக்கும்மா விறகு? ரெண்டு சுள்ளி போதும். கட்டையைத் தூக்கிப் போட்டா அமுங்கி அணைஞ்சுல்லா போகும்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

அம்மை அவசரப்படவில்லை. கரைப்புறாவை வாங்கிக் கூடைக்குள் விட்டாள். விட்ட உடனே அது கம்பைக் கொத்தத் தொடங்கிய சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, பாக்கியத்தம்மா போதும்னு சொல்லும்போது அவங்க முகம் எப்படி இருக்கும்?”

திரவியம் யோசித்தார். ரசம் நினைவுக்கு வந்தது. சீரகம் கொஞ்சம் தூக்கல். தட்டின் விளிம்பு நினைவுக்கு வந்தது. மிச்சம் கிடந்த சோறு, பருக்கை பருக்கையாக, நேற்றுப் பார்த்ததுபோல நினைவுக்கு வந்தது. எவ்வளவு தேடியும் முகம் வரவில்லை.

“நான் தட்டைத்தான்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.”



அவர் இடது கையைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனார். புறாவின் முதுகு தாடியில் பட்டது. அது அசையவில்லை.

“கடைசி மாசம் அவ கை இப்படித்தான் இருந்துது” என்றார். “தொட்டாத் தெரியாது. பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும். இவ்வளவு சூடுதான்.”

கொஞ்சம் கழித்து, “பிடிச்சுக்கிட்டே இருக்கலைம்மா” என்றார்.

வெயில் போய்விட்டது. கடல் மேல் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. திரவியம் மெதுவாகக் குனிந்து தீவுப்புறாவை மணலில் விட்டார். அது பறக்கவில்லை. இறகை ஒருதரம் உதறிக்கொண்டு நின்றது.

பொழுது சாய்ந்தால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். எத்தனையோ வருஷப் பழக்கம். கால் தானாகவே கல்லின் பக்கம் போனது. இலையை மடிக்கக் கை தானாகவே நீண்டது.

அவருடைய காலடியைத் தாண்டி, புறா கல்லை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது.

“இலையை எடுத்துராதீங்க, அண்ணாச்சி” என்றாள் அம்மை. “அவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலை.”